மிட்டாபூர் உப்பு

மும்பை, ஹோமி மோடி தெரு

பாம்பே ஹவுஸுக்குள் நுழைகிற மனிதர்களின் பையைச் சோதிக்கிறார்கள். நாய்களை யாரும் சோதிப்பதில்லை. ஜூன் மாத மழையில் நனைந்த தெருநாய் ஒன்று வாசலில் உடம்பை உதறிவிட்டு, வரவேற்பு மேசையைத் தாண்டி நடந்து போய்த் தன் இடத்தில் சுருண்டு படுத்தது. 1924-ல் எழுந்த கட்டடம் இது. கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட்டின் கைவண்ணம். 2018-ல் புதுப்பித்தபோது தெருநாய்களுக்கென்றே உள்ளே ஓர் அறை ஒதுக்கினார்கள். அதே மழையில் நனைந்து வந்திருந்த தூத்துக்குடிப் பெண்ணுக்கு, அந்த நாயைப் பார்த்த பிறகுதான் படபடப்பு அடங்கியது. “அதுக்கே இங்க எடம் இருக்குன்னா, நமக்கு இல்லாமலா போயிரும்?”

பெயர் வேண்டாம் என்கிறாள். வயது 24. பொறியியல் படித்து, அதற்கு மேல் நிர்வாகவியலும் படித்தவள். அப்பா லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கர். அப்பாவின் அம்மா, அதாவது ஆச்சி, முப்பது வருடத்துக்கு மேல் உப்பளத்தில் வேலை பார்த்தவர்.

அவள் சேர்ந்த பயிற்சியின் பெயர் டாடா அட்மினிஸ்ட்ரேட்டிவ் சர்வீஸ், சுருக்கமாக டி.ஏ.எஸ். 1956-ல் ஜே.ஆர்.டி. டாடா தொடங்கியது. ஐ.ஏ.எஸ். அதிகாரியை இன்றைக்கு வேளாண்மையிலும் நாளைக்குப் போக்குவரத்திலும் உட்காரவைப்பதில்லையா? அதுபோல உப்பு, உருக்கு, கைக்கடிகாரம், தேயிலை என்று எதில் தூக்கிப் போட்டாலும் நீந்தி வருகிற ஆட்களைக் குழுமத்துக்கென்று உருவாக்கும் எண்ணம். பல ஆண்டுகள் நிலைத்திருந்த வடிவம் எளிய கணக்கு: 15 வாரம் வீதம் மூன்று கம்பெனிகளில் மூன்று விதமான வேலை, மீதி 7 வாரம் ஒரு கிராமத்தில். கூட்டினால் 52. உள்ளே இருப்பவர்கள் ஒவ்வொன்றையும் ‘ஸ்டின்ட்’ என்கிறார்கள்.

வீட்டில் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

“அப்ப ஒனக்கு வேலை எந்த ஊருல?” என்று அப்பா கேட்டார்.

“எல்லா ஊர்லயும்ப்பா.”

“நிரந்தரமா?”

“வேலை நிரந்தரந்தான். ஊருதான் நிரந்தரமில்ல.”

கிராமத்துக்கு அனுப்பும் வழக்கம் டாடாவில் மட்டும் உள்ளதல்ல. இந்தியாவில் இதன் மிகப் பிரபலமான கதை ஹிந்துஸ்தான் லீவருடையது. உத்தரப் பிரதேசத்தின் எட்டாவில் அவர்களுக்கு ஒரு பால் ஆலை இருந்தது. போதிய பால் வராமல் நட்டத்தில் ஓடியது. மாட்டுக்குத் தீவனம் வாங்கவே காசில்லாத விவசாயியிடம் பால் எங்கிருந்து வரும்? டி. தாமஸ் தலைவராக இருந்த அந்தக் காலத்தில், 1976 முதல், நிர்வாகப் பயிற்சியாளர்களைக் கொண்டுபோய் எட்டா கிராமத்து வீடுகளில் தங்கவைக்கத் தொடங்கினார்கள். ஆக, ஆரம்பப் புள்ளி தொண்டு அல்ல, பால். இதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொண்டு என்ற சொல்லை மட்டுமே முன்னால் வைத்துப் பேசுகிற நிகழ்ச்சிகளைவிட இது நேர்மையான தொடக்கம் என்றே தோன்றுகிறது.

ஓசூர்

தமிழ்நாட்டுக்குள் தானே போகிறோம் என்ற தைரியத்தில் வந்தவளுக்கு முதல் நாள் காய்கறிக் கடையிலேயே சறுக்கியது. கடைக்கார அம்மா வாக்கியத்தைத் தெலுங்கில் ஆரம்பித்து, விலையைக் கன்னடத்தில் சொல்லி, பேரம் பேசியதும் தமிழில் திட்டி முடித்தார். புரிந்தது திட்டு மட்டும்தான்.

ஜூலையில் ஓசூர் குளிர்கிறது. தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு அது குளிர் இல்லை, பனிக்காலம். இரவில் ராகிக் களி. உருட்டி, கீரைக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். அவள் மென்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பையன் பரிதாபமாகப் பார்த்தான்.

முதல் ஸ்டின்ட் டைட்டன் ஆலையில். டாடா இண்டஸ்ட்ரீஸின் ஆங்கில முதலெழுத்துகளோடு தமிழ்நாட்டின் ஆங்கில எழுத்துக் கூட்டல் கொஞ்சம் சேர்ந்து பிறந்த பெயர் டைட்டன். 1984-ல் தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. அதைக் கட்டி எழுப்பிய செர்க்சஸ் தேசாய், 1960-களில் இதே டி.ஏ.எஸ். வழியாக டாடாவுக்குள் வந்தவர். கைக்கடிகாரம் செய்து பழக்கமே இல்லாத ஊரில் கைக்கடிகார ஆலை போட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டுமே? சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளுக்குப் போய், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தார்கள். பதினேழு, பதினெட்டு வயது. தனியாக வீடெடுத்துத் தங்கத் தெரியாத பருவம். ஆகவே அவர்களைப் பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோரையும் கம்பெனியே ஏற்பாடு செய்தது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் இன்னமும் அசெம்பிளியில் இருக்கிறார். ஓய்வுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட அக்கா. பொங்கலுக்கு இரண்டு அம்மா வீட்டுக்கும் சீர் கொண்டுபோவதாகச் சொன்னார்: தருமபுரிப் பக்கம் பெற்ற அம்மா, ஓசூரில் வளர்த்த அம்மா. அவர்தான் பயிற்சிப் பெண்ணை உட்காரவைத்து நொடிமுள் பொருத்தச் சொல்லிக்கொடுத்தார். கண்ணில் லூப் என்கிற உருப்பெருக்கி, கையில் இடுக்கி. இடுக்கியில் முள் இருப்பதே தெரியாது. இருக்கிறது என்று நம்பிக்கொண்டு கையைக் கொண்டுபோக வேண்டும்.

“மூச்ச விடாதீங்க மேடம். முள்ளு பறந்துரும்.”

மூன்று முள் பறந்தது. நான்காவது உட்கார்ந்தது. 2002-ல் வெளிவந்த டைட்டன் எட்ஜ் கடிகாரத்தின் மொத்த கனமே 3.5 மில்லிமீட்டர், உள்ளே ஓடும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். இந்த எண்களை நிர்வாகவியல் வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். மூச்சை அடக்க வேண்டும் என்று அந்தப் படத்தில் இல்லை.

ஆலைக்கு வெளியே, மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு உருவான ‘மெடோ’ என்ற கம்பெனிக்கும் போய்வந்தாள். கிராமத்துப் பெண்களே உரிமையாளர்கள். கடிகாரச் சங்கிலிகளைக் கோப்பது போன்ற வேலைகளை டைட்டனுக்காகச் செய்கிறவர்கள். “நாங்க கூலி இல்லம்மா, முதலாளி. அதனாலதான் லீவு கெடைக்கிறதில்ல” என்று ஒருவர் சொல்ல, மேசை முழுக்கச் சிரித்தது.

தூத்துக்குடியிலிருந்து ஓகா வரை

அடுத்தது கிராமம். ஊர்ப் பெயரைப் போனில் சொன்னதும் அம்மா கேட்டாள்: “மிட்டாபூரா? மிட்டாய் கம்பெனியா?”

கேள்வி அப்படியொன்றும் தவறில்லை. குஜராத்தியில் ‘மீட்டு’ என்றால் இனிப்பு. உப்புக்கும் அதே சொல்தான். கரிக்கிற பொருளுக்கு இனிப்பு என்று பேர் வைத்த மொழி அது. மிட்டாபூர் என்றால் உப்பூர். டாடா கெமிக்கல்ஸ் 1939-ல் அங்கே தொடங்கியது. வீடுகளில் பாக்கெட்டாக வந்து விழுகிற டாடா உப்பு 1983-ல் வந்தது.

இதைக் கேட்ட ஆச்சி, “பொட்டலத்து உப்பு வெளையுற ஊரா? பாத்துட்டு வா” என்றார். ஆச்சி வீட்டில் இன்றைக்கும் கல்லுப்புதான். பாத்தியில் வாருபலகை பிடித்து உப்பை இழுத்து, கூடையில் அள்ளி, தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டியவர். உள்ளங்காலில் வெடிப்பு, கண்ணில் நிரந்தரச் சுருக்கம். வெயிலில் மின்னும் உப்பைப் பார்த்துப் பார்த்து வந்தது.

அக்டோபர் தூத்துக்குடிக்கு ஓய்வு மாதம். வடகிழக்குப் பருவமழையின் முதல் தூற்றலோடு அளங்கள் அடங்கிவிடும்; வேலை இருக்காது, கூலி இருக்காது. மழைக்காலத்து உதவித்தொகையாக 5,000 ரூபாய் அண்மை ஆண்டுகளில்தான் அரசிடமிருந்து வரத் தொடங்கியது. ஆச்சி காலத்தில் வட்டிக்கடைதான். குஜராத்திலோ அக்டோபரில்தான் உப்புக் காலம் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவமழை அங்கே அப்போதுதான் விலகும். நாட்டின் உப்பில் பெரும்பங்கு குஜராத்தில் விளைகிறது, அடுத்த இடம் தமிழ்நாடு. ஒரு கடற்கரை கதவைச் சாத்தும்போது இன்னொரு கடற்கரை திறக்கிறது. இரண்டுக்கும் நடுவே வாரம் ஒரு ரயில்: தூத்துக்குடி–ஓகா விவேக் எக்ஸ்பிரஸ். இரண்டு நாளுக்கு மேல் ஓடுகிறது.

அம்மா வழிப்பயணத்துக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், தங்கப்போகிற வீட்டுக்கென்று ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய மக்ரூனும் கொடுத்துவிட்டாள். டப்பா ஆச்சியுடையது. மூடியில் ஆச்சியின் பெயரும் ஒரு வருடமும் புள்ளி புள்ளியாகப் பொறித்திருந்தது.

பெட்டியில் பாதிப்பேர் துவாரகை யாத்திரை. ராமேசுவரம் பார்த்துவிட்டோம், துவாரகையும் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிய மதுரைக்காரர்கள். இரண்டாம் நாள் இட்லி தீர்ந்தது. சூரத்தில் ஏறிய குடும்பம் தேப்லாவையும் ஊறுகாயையும் பிரித்து, கேட்காமலே ஒரு காகிதத்தில் வைத்து நீட்டியது. வெந்தயக்கீரை வாசனையோடு மொழி மாறிவிட்டது.

ஓகாமண்டல்

குஜராத்தின் மேற்கு முனை. துவாரகைக்கும் ஓகாவுக்கும் நடுவே தட்டையாகக் கிடக்கிற மண். பழைய பரோடா சமஸ்தானத்தின் ஒதுங்கிய துண்டு இது. 2013 முதல் தேவபூமி துவாரகா மாவட்டம். மரம் என்று பார்த்தால் சீமைக்கருவேலம்தான். அதை இங்கே ‘காண்டோ பாவள்’ என்கிறார்கள், பைத்தியக்கார வேலமரம். தூத்துக்குடியிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி வந்து, அதே முள்ளைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெயரை ராமநாதபுரத்துக்காரர்கள் கேட்டால் உடனே வாங்கிக்கொள்வார்கள்.

உப்பளம் ஒன்றுதான் ஏமாற்றியது. அவளுக்குத் தெரிந்த அளம் கைக்குட்டைகளை விரித்துக் காயப்போட்டதுபோல இருக்கும். இங்கே பாத்திக்கு எதிர்க்கரை தெரியவில்லை. சரக்லா பக்கம் பூநாரைகள் நூற்றுக்கணக்கில் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து நின்றன. ஆலையில் இந்த உப்பு சோடா சாம்பலாகி, கண்ணாடிக்கும் சலவைத் தூளுக்கும் போகிறது. சமையலறைக்கு வருவது ஒரு பங்குதான்.

தங்கியது ரபாரி குடும்பம் ஒன்றின் வீட்டில். மாடு, ஆடு மேய்த்து வந்த சமூகம். வீட்டுக்கு மூத்தவரை எல்லோரும் ‘பா’ என்றார்கள். குஜராத்தியில் பா என்றால் அம்மா. “சொல்லுங்க பா”, “சரி பா” என்று தமிழிலேயே பேசினாலும் மரியாதை கெடாத ஒரே உறவு. பாவுக்குக் கறுப்பு உடை, கழுத்து வரை பச்சைக்குத்து, காது மடலை இழுத்துத் தொங்கவைக்கிற கனத்த நகை. இந்தி வராது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பேத்திதான் மொழிபெயர்ப்பாளர். கூலியாக இவள் போனில் பாட்டு கேட்டுக்கொள்வாள்.

முதல் மாலையே டப்பாவைத் திறந்தாள். பேத்தி ஒரு மக்ரூனை எடுத்து வாய்வரை கொண்டுபோய்விட்டது. எதில் செய்தது என்று பா கேட்டார். முந்திரி, சர்க்கரை என்றவள் அப்படியே நின்றாள். முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து நுரையாக்காமல் மக்ரூன் ஏது? அந்த வீட்டில் முட்டை புழங்காது. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. “அண்டா” என்றாள் இந்தியில். தமிழில் அது பாத்திரம். டப்பாவைத்தான் சொல்கிறாளோ என்று அவளுக்கே ஒரு கணம் குழம்பியது.

பேத்தியின் கை இறங்கியது. பா டப்பாவை வாங்கி, மோந்து பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார். மக்ரூன் முழுவதும் ஒரு பையன் கையில் லாரி ஓட்டுநர்களுக்குப் போனது. டப்பா மட்டும் திரும்பி வந்தது. சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்து, வெயிலில் கவிழ்த்துவைத்தார்கள்.

அன்றிரவு கம்பு ரொட்லா. கையாலேயே தட்டி மண்சட்டியில் சுட்டது. மேலே நெய், பக்கத்தில் பூண்டுச் சட்னி, வெல்லக் கட்டி, செம்பு நிறைய மோர். கம்பங்கூழ் குடித்து வளர்ந்த ஆச்சியிடம் இதைப் போனில் சொன்னபோது, “கம்ப அவிச்சுத்தான திம்போம், சுடுவாவளா?” என்று ரொம்ப நேரம் அதையே விசாரித்தார்.

வேலை என்ன? கிராமத்துப் பெண்கள் குழு ஒன்றின் பூத்தையல் துண்டுகளுக்கு விலை நிர்ணயிக்க ஒரு முறை வகுத்துக் கொடுக்க வேண்டும். டாடா கெமிக்கல்ஸின் கிராம வளர்ச்சி அமைப்பு 1980 முதல் இந்தப் பகுதியில் இருக்கிறது. அதன் நிழலில் வளர்ந்த ‘ஓகாய்’ என்ற பெயர் இன்றைக்குக் கைத்தையல் உடை வாங்குகிறவர்களுக்குத் தெரிந்த பெயர். இவள் போனது அதற்கெல்லாம் தள்ளி, பத்துப் பதினைந்து பேர் கொண்ட சின்னக் குழுவுக்கு.

பாடத்தில் படித்த சூத்திரம் இருந்தது. பொருள் செலவு, நேரத்துக்கான கூலி, இதரச் செலவு. நேரம்தானே, அளந்துவிடலாம் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்துக்கொண்டு பாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

பா ஒரு ‘ஆப்லா’வை, விரல் நக அளவு வட்டக் கண்ணாடியை, துணியில் வைத்து இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். கண்ணாடியில் துளை கிடையாது. ஊசி கீழிருந்து ஏறி, கண்ணாடியைக் குறுக்கே தாண்டி இறங்கியது, பக்கத்தில் இன்னொன்று, பிறகு அவற்றை வெட்டிக்கொண்டு எதிர்த்திசையில் இரண்டு. கண்ணாடிக்கு மேல் நூலால் ஒரு சின்ன ஜன்னல். அதற்கப்புறம் ஓரம் முழுக்கக் காஜா போடுவதுபோல ஒவ்வொரு தையலும் அந்த ஜன்னல் கம்பியைக் கோத்து வெளியே இழுத்தது. இழுக்க இழுக்க ஜன்னல் விரிந்து விளிம்புக்கு ஒதுங்க, நடுவில் கண்ணாடி வட்டமாகத் திறந்தது. அதில் அவள் முகம் துண்டாகத் தெரிந்தது. ஆறு நிமிடம் என்று குறித்துக்கொண்டாள்.

அடுத்த கண்ணாடிக்கு நாற்பது நிமிடம். நடுவில் எருமை கத்தியது. அதற்கடுத்தது மறுநாள்தான். பால்காரர் வந்தார், தண்ணீர் வந்தது, மருமகளுக்குக் காய்ச்சல். ஒரு வாரத்துக் குறிப்பேட்டைக் கூட்டிப் பார்த்தபோது, ஒரே அளவு துண்டுக்கு ஒருத்திக்கு மூன்று மணி நேரம், இன்னொருத்திக்கு நான்கு நாள்.

அவள் ஒரு தீர்வு சொன்னாள். எல்லோரும் காலை பத்து முதல் ஒரு மணி வரை பொதுக் கூடத்தில் உட்கார்ந்து தைத்தால் என்ன? எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் பத்து மணிக்குக் கூடத்தில் அவளும் ஒரு ஆட்டுக்குட்டியும் இருந்தார்கள். அடுத்த நாளும். யாரும் மறுத்துப் பேசவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். நான்காம் நாள் பா கூப்பிட்டு பேத்தி மூலமாகக் கேட்டார்: பத்து மணிக்கு எங்கள் வீட்டில் யார் இருப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? நீ இங்கேதானே இருக்கிறாய்?

அதன் பிறகு குறிப்பேடு மூடியே கிடந்தது. பால் கறக்க உட்கார்ந்தாள், எருமை ஒத்துழைக்கவில்லை. நூலைப் பிரித்துக் கொடுத்தாள். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பெண்கள் தங்களுக்குள் வேலையைப் பற்றிப் பேசும்போது மணிக்கணக்கே வருவதில்லை. ‘இது இரண்டு கண்டு வேலை’, ‘அது ஐந்து கண்டு’ என்கிறார்கள். எத்தனை நூல்கண்டு தீரும் என்பதுதான் அளவு. நெருக்கமாகத் தைத்தால் நூல் கூடும், கண்ணாடி கூடினால் நூல் கூடும். எருமை கத்தினால் நூல் கூடாது. குறிப்பேட்டில் இல்லாத சூத்திரம் அவர்கள் வாயில் ஏற்கெனவே இருந்தது. அதை எழுதி, ஒரு கண்டு, மூன்று கண்டு, ஐந்து கண்டு என்று மாதிரித் துண்டுகளைக் கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். ஏழு வாரத்தில் அவள் செய்தது அவ்வளவுதான்.

இதைச் சமூகத் தொண்டு என்று எழுதக் கை கூசுகிறது. சோறு போட்டது அவர்கள், சொல்லிக்கொடுத்தது அவர்கள், மாதச் சம்பளம் வாங்கியது இவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓகா துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார்கள். பேட் துவாரகை தீவுக்குப் போக முன்பெல்லாம் படகுதான் கதி. 2024 பிப்ரவரியில் சுதர்சன் சேது திறந்த பிறகு பாலத்திலேயே போகலாம். அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் திமிங்கலச் சுறாவின் கதையைச் சொன்னார். சௌராஷ்டிரக் கரையில் அந்த மீனுக்கு அப்போது ‘பேரல்’ என்று பெயர். அதை வேட்டையாட, மிதவையாகப் பீப்பாய்களைக் கட்டியதால் வந்த பெயர். 2001-ல் அரசு அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சட்டம் கரையில் இருந்தது, மீன் கடலில் இருந்தது. 2004-ல் வனத்துறை, வைல்டுலைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா, டாடா கெமிக்கல்ஸ் மூன்றும் சேர்ந்து ஓர் இயக்கம் தொடங்கின. ராமகதை சொல்கிற மொராரி பாபு அதற்கு முகமானார். அந்த மீன் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வருகிற மகள் என்றார் அவர். பேரல், ‘வ்ஹாலி’ ஆகிவிட்டது. செல்லமகள் என்று பொருள். வலையில் சிக்கினால் மீனவர்கள் வலையை அறுத்து விடத் தொடங்கினார்கள். அறுந்த வலைக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. “மகளைத் தின்ன முடியுமா?” என்றார் பெரியவர். கொஞ்சம் கழித்து, “வலைக்குப் பணமும் தராவிட்டால் மகளோடு சண்டைதான் வரும்” என்றும் சொன்னார்.

தீபாவளி அங்கேதான். குஜராத்தியருக்கு அதற்கு மறுநாள்தான் புத்தாண்டு. விடிவதற்கு முன்பே தெருவில் சிறுவர்களின் குரல்: “சப்ரஸ்! சப்ரஸ்!” எல்லாச் சுவையும் அடங்கியது என்று பொருள். கையில் உப்பு. வருடத்தின் முதல் கொள்முதலாக ஒரு கை உப்பு வாங்குவது மங்கலம். வெள்ளிக்கிழமை உப்பு வாங்குவதும், புதுவீட்டுக்குள் முதலில் உப்பையும் மஞ்சளையும் கொண்டுபோவதும் ஊரில் அவளுக்குப் பழக்கம். ஆனால் உப்பைக் கூவி விற்றுக் கேட்டதில்லை. பா பத்து ரூபாய் கொடுத்து வாங்கி, பாதியை அடுப்படியில் வைத்து, மீதியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். கல்லுப்பு. பொட்டலத்து உப்பு விளைகிற ஊரிலும் நல்ல நாளுக்குக் கல்லுப்புதான்.

ஜம்ஷெட்பூர்

டிசம்பரில் வந்து இறங்கிய ரயில் நிலையத்தின் பெயர் டாடாநகர். முன்பு காளிமாட்டி. ஊருக்குப் பழைய பெயர் சாக்சி. 1919-ல்தான் குழுமத்தை நிறுவிய ஜம்ஷெட்ஜி டாடாவின் பெயரை வைத்தார்கள். ஸ்வர்ணரேகாவும் கர்காயும் கூடுகிற இடம். பின்னால் தல்மா மலை, அதில் யானைகள். 1907-ல் தொடங்கிய டாடா உருக்குக் கம்பெனி 1912-ல் இங்கே முதல் உருக்கை வார்த்தது. எட்டு மணி நேர வேலையையும் அதே ஆண்டு கொண்டுவந்தது, சட்டம் அதைக் கட்டாயமாக்குவதற்கு வெகுகாலம் முன்பே.

உப்பும் கடிகாரமும் பார்த்த கண்ணுக்கு இந்த ஊர் அளவு மீறியது. மூச்சை அடக்கி வேலை செய்த இடத்திலிருந்து, பக்கத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டிய இடத்துக்கு வந்திருந்தாள். இரண்டாவது கம்பெனி ஸ்டின்ட் மனிதவளப் பிரிவில். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: பட்டியல்கள், கூட்டங்கள், தலைக்கவசம். குளிர் மட்டும் ஓசூரைக் கேலி செய்தது. காலையில் துஸ்கா, அரிசியும் பருப்பும் ஊறவைத்து அரைத்து எண்ணெயில் பொரித்தது. அடைமாவைத் தவறிப்போய் எண்ணெய்ச் சட்டியில் ஊற்றிவிட்டதுபோல இருந்தது; ஒன்றோடு நிறுத்த முடியவில்லை.

தமிழ் இங்கே தேடாமலே காதில் விழுந்தது. பல தலைமுறைக்கு முன் ஆலை வேலைக்கு வந்த குடும்பங்கள். தட்சிண பாரத மகிளா சமாஜம் நடத்தும் பள்ளிகள் ஊரில் பேர்பெற்றவை. பிஸ்டுபூர் சந்தையில் ஒரு பெரியவர் அவள் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு நின்றார். “எந்த ஊரும்மா?” தூத்துக்குடி என்றதும், “நானும் திருநெல்வேலிதான்” என்றார். கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டாள். போனதே இல்லையாம். தாத்தா வந்த ஊர்.

மார்ச் 3 ஜம்ஷெட்ஜியின் பிறந்தநாள். ஊர் முழுக்க விளக்கு. ஜூபிலி பூங்காவில் கால்வைக்க இடமில்லை. அந்த நாளையொட்டித்தான் குழுமத்தின் தன்னார்வ வாரமும் வருகிறது. ஒரு பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க அவள் பெயரைக் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை பத்து மணி என்று அட்டவணையில் போட்டிருந்தது. அவள் தலைமையாசிரியைக்குப் போன் செய்தாள். “மேடம், பத்து மணிக்குப் பிள்ளைகள் வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்கள்?” எதிர்முனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, “சந்தை நாள்” என்றார் அவர். வகுப்பு மாலைக்கு மாறியது.

விளக்குகளைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பிய இரவு, பேத்தி ஒரு படம் அனுப்பியிருந்தது. கூடத்து ஆணியில் புதிதாக ஒரு மாதிரித் துண்டு, எட்டு கண்டு வேலை, அவள் மாட்டாதது. கீழே தரையில் எவர்சில்வர் டப்பா, மூடி திறந்து, உள்ளே நிறைய ஆப்லா. கிளம்பும்போது பா அதைத் திருப்பித் தரவில்லை, இவளும் கேட்கவில்லை. மூடியில் எழுதியிருப்பது என்ன என்று ஒருமுறை கேட்டு, ஆச்சியின் பெயரை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்திருந்தார்.

மறுநாள் ஆச்சியிடம் போனில் படத்தை விவரித்தாள். தூத்துக்குடியில் அப்போது உப்பு வாரத் தொடங்கியிருந்த நேரம்.

“எந்த டப்பா? எம்பேரு போட்டதா?”

“ஆமா ஆச்சி.”

“அதுல என்னட்டி போட்டு வச்சிருக்காவ?”

“கண்ணாடி. தைக்கிற கண்ணாடி.”

ஆச்சி கொஞ்சம் யோசித்தார்.

“சரி, இருக்கட்டும். உப்பு மட்டும் போட்டு வைக்காண்டாம்னு சொல்லு. எவர்சில்வர்னாலும் அரிச்சிரும்.”